ஐஸ் பெக்டரித் திரையில் வந்த பெயர்கள்

"ஆரிந்தச் சுடுதண்ணி?"

ஹாஜியார் இரண்டாவது தடவையாகக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த புதிய டிவிக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஐஸ் பெக்டரி அவருடையது, டிவி அவருடையது, கேள்வியும் அவருடையதுதான். அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில் சம்மாட்டிமார், அதாவது போட் முதலாளிமார், ஒரு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்மட பெக்டரியில ஐஸ் எடுக்கிற ஆளெண்டா எனக்குத் தெரியாம இரிக்குமா? ஆரு இவரு? கையத் தூக்குங்க பாப்பம்."

ஒரு கையும் எழும்பவில்லை. எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். நிலத்தில் உருகிய ஐஸ் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையே அத்தனை பேரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கற்பிட்டிக் கரை முழுக்கச் சுடுதண்ணி என்று ஒரே ஒருவர்தான். அவர்தான் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் வராத கனவு

இந்தப் பத்தியில் நான் எழுதிய போன வாரக் குறிப்பை வாசித்துவிட்டு கௌரி போனில் கோல் எடுத்தாள். சிவகௌரி உடப்பு ஊர்க்காரி. எங்கள் மென்பொருள் கம்பனியை என்னோடு சேர்ந்து தொடங்கியவள்.

"கம்பனிட பேர மட்டும் எழுதிப்போடாத நஸீரா. நீ எழுதுற கூத்த வாசிச்சா ஒரு கஸ்டமர் மிஞ்சமாட்டான்" என்றாள். ஆகவே இந்த வாரமும் பெயர் இல்லை.

கொழும்பில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இப்போது விளம்பரப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் கம்பனியின் வரலாற்றை எழுதி வெப்சைட்டில் போட்டிருக்கிறார்கள். அதன்படி நானும் கௌரியும் ஒரு நாள் கடலைப் பார்த்தபடி நின்று, "கரையோர வணிகத்தை மாற்றியமைக்கும் கனவு" கண்டோமாம். கடலைப் பார்த்து நின்றது உண்மைதான். பஸ் வரவில்லை.

ஐஸ் பெக்டரி பற்றி அந்த வரலாற்றில் ஒரே ஒரு வரி இருக்கிறது. "முதல் வாடிக்கையாளரின் தேவையை ஆழமாகப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது." இதை எழுதிய பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வரிக்குள் என்ன கிடக்கிறது என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேக்கரிக்கு மேலே

எங்களுடைய முதல் அலுவலகம் புத்தளம் டவுனில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. கீழே போறணையில் பாண் வேகும், மேலே நாங்கள் வேகுவோம். வாசனை என்னவோ நல்லதுதான். ஆனால் பகல் முழுக்கப் பணிஸ் வாசனைக்குள் இருந்து வேலை செய்பவர் எதைச் சாப்பிடுவார்? ஆறு மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பழைய உடுப்புகள் கொள்ளவில்லை.

கம்பியூட்டர் இரண்டு. ஒன்றுக்குள் எறும்பு குடியிருந்தது. மற்றதன் விசைப்பலகையை உப்புக் காற்றுத் தின்றுவிட்டது. எந்தச் சொல்லை அடித்தாலும் இரண்டு எழுத்துக் குறைவாகத்தான் வரும். கௌரி முன்னேஸ்வரத்துத் திருநீற்றைக் கொண்டுவந்து இரண்டின் நெற்றியிலும் பூசினாள். நான் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் எதையும் தொடுவேன். இரண்டு பக்கப் பாதுகாப்பு இருந்தும் எறும்பு அசையவில்லை.

அதுவரை நாங்கள் விற்றது ஒரே ஒரு மென்பொருள். ஒரு ஹார்ட்வெயார் கடையில் என்ன சாமான் எந்த ராக்கையில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. கடைக்காரர் அதைத் திறந்து பார்க்காமலே "சோக்கா இரிக்கி" என்றார். எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

வாப்பா வாங்கிய பை

இந்த நேரத்தில்தான் எனக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. அரசாங்க வேலை, பென்ஷன் உள்ளது. ஒரு திங்கட்கிழமை காலை பாடசாலையில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும்.

வாப்பா அன்றைக்கே டவுனுக்குப் போய் எனக்கு ஒரு கறுப்புத் தோல் பை, ஒரு குடை, ஒரு சாப்பாட்டுப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். மூன்றையும் அலுமாரிக்கு மேல் வரிசையாக வைத்தார். நான் பேக்கரி மாடிக்குப் புறப்படும்போதெல்லாம் அவை மேலே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"வாப்பா, எங்கட கம்பனி ஒண்டு இரிக்கே" என்றேன்.

"ஓம், இரிக்கி. பாண் கடைக்கு மேல" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. கற்பிட்டி ஐஸ் பெக்டரி ஹாஜியார் எங்கள் மென்பொருளைப் பார்க்க அதற்கு முந்திய சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அவர் சரி என்றால் நான் என் இஷ்டப்படி இருக்கலாம். இல்லை என்றால் திங்கட்கிழமை நான் டீச்சர்.

நான் இல்லாவிட்டால் கௌரி தனியாக அந்த மாடியில் இருக்கமாட்டாள். உடப்பில் அவளுக்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒரு ஐஸ்கார ஹாஜியாரின் தலையாட்டலில் எங்கள் கம்பனி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு டீச்சர் வேலை பிடிக்காது என்றில்லை. ஆனால் நானே ஆக்கிய ஒன்று வேலை செய்வதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

பதினொரு ரிஸ்வி

ஐஸ் பெக்டரியில் என்ன பிரச்சினை என்று சொல்லாவிட்டால் கதை விளங்காது.

மீன் நன்றாகப் படும் காலத்தில் எல்லா போட்டுக்கும் போதுமான ஐஸ் இருக்காது. முதலில் சொல்லிவைத்தவருக்கு முதலில். இதற்குப் பெயர் ஐஸ் முறை. முறை பிசகினால் பெக்டரி முற்றத்தில் சண்டை நடக்கும். நிழலுக்கு நிற்கும் கழுதைகள்கூட எழும்பி அடுத்த வளவுக்குப் போய்விடும். ஹாஜியார் இதில் மிகவும் கண்டிப்பு. அவருக்கே ஒரு போட் இருந்தது. அதற்கும் முறைப்படிதான் ஐஸ்.

அந்த முறையை எழுதிக்கொண்டிருந்தவர் ஸாலிஹீன் நானா. பெக்டரியின் கிளார்க்; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் காதில் ஒரு பென்சிலும்தான் அவருடைய அலுவலகம். கொப்பியில் இருப்பதைக் கம்பியூட்டருக்கு மாற்றி, யாருடைய முறை இப்போது என்று எல்லாரும் பார்க்கும்படி டிவியில் காட்டுவதுதான் நாங்கள் செய்த மென்பொருள்.

முதல் நாள் பரீட்சித்துப் பார்த்தோம். கௌரி ரிஸ்வி என்று அடித்தாள். பதினொரு முஹம்மது ரிஸ்வி வந்தார்கள்.

"இதில எந்த ரிஸ்வி?" என்று கேட்டார் ஸாலிஹீன் நானா.

"போட் நம்பரப் பாருங்க நானா."

"நம்பர் ஆருக்குத் தெரியும் தங்கச்சி? இவருக்கு மூணு போட் இரிக்கி. அவரு போட்ட மருமகனுக்குக் குடுத்திட்டாரு."

"அப்ப அடையாள அட்டை இலக்கம்?"

அவர் எங்களை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து காட்டினார். அதில் ஒரு ரிஸ்வியும் இல்லை. இருந்தவை: ரிவர்ஸ், நாளைக்கு, எஞ்சின் இருமல், பச்சைக்குடை, பாதிக் கதை.

கொப்பியின் இரகசியம்

எங்கள் கரையில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பது சாதாரணம். ஆகவே ஆளுக்கொரு பட்டம் உண்டு. ரிவர்ஸ் என்பவர் ஒரு தடவை லொறியைப் பின்னால் எடுத்துத் தன் சொந்த மதிலை உடைத்தவர். நாளைக்கு என்பவர் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். பாதிக் கதை ஒரு கதையையும் இதுவரை முடித்ததில்லை.

பட்டத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதை ஆளுக்கு முன்னால் சொல்லக் கூடாது. ஊரில் எல்லாருடைய பட்டமும் எல்லாருக்கும் தெரியும், தன்னுடையது மட்டும் தனக்குத் தெரியாது. உடப்பிலும் இதே கதைதான் என்று கௌரி சொன்னாள். என்னுடையது என்ன என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் எழும்பிப் போய்விடுவாள்.

ஸாலிஹீன் நானா கொப்பியை எவருக்கும் காட்டுவதில்லை. மதிய சாப்பாட்டுக்குப் போகும்போதும் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போவார். எங்களுக்குக் காட்டியதே பெரிய நம்பிக்கை.

"இது இல்லாட்டி உங்கட மெஷின் சரிவராது. ஆனா இது வெளியால வந்தா நான் ஊர்ல இரிக்க ஏலாது" என்றார்.

"ஒருத்தர்ட கண்ணுக்கும் படாது நானா. நீங்க தேடுறதுக்கு மட்டும்தான்" என்று நானே வாக்குக் கொடுத்தேன்.

பெயர், போட் இலக்கம், போன் இலக்கம் என்ற கட்டங்களோடு "அடையாளம்" என்று இன்னொரு கட்டம் சேர்த்தோம். பட்டங்களை எல்லாம் நான்தான் ஒவ்வொன்றாக அதில் அடித்தேன். சிரிப்புத் தாங்காமல் இரண்டு தடவை வெளியே போய் நின்றேன். கடைசிப் பக்கத்தில் ஹாஜியாருடைய சொந்த போட்டுக்கு நேரே சுடுதண்ணி என்று இருந்தது. அதையும் அடித்தேன். ஐஸ் விற்கிற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக யார் வைக்க முடியும் என்று கௌரி கேட்டாள். அவர் கோபம் வந்தால் சட்டென்று கொதிப்பார், கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விடுவார்.

சனிக்கிழமை

இப்போது என் பிழையைச் சொல்ல வேண்டும். கௌரி இத்தனை வருடமும் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

எங்கள் ஆட்களின் பெயர்கள் நீளம். டிவியின் ஒரு வரியில் "முஹம்மது லெப்பை முஹம்" என்பதோடு இடம் முடிந்துவிடும். ஒன்பது பேர் அப்படியே ஒரேமாதிரி வந்தார்கள். சனிக்கிழமை காலை கற்பிட்டி பஸ்ஸில் மடியில் கம்பியூட்டரை வைத்துக்கொண்டு நான் ஒரு திருத்தம் செய்தேன். பெயர் கொள்ளாவிட்டால், பக்கத்துக் கட்டத்தில் உள்ள சுருக்கப் பெயரைக் காட்டு.

பக்கத்துக் கட்டத்தில் இருந்தது சுருக்கப் பெயர் அல்ல. ஸாலிஹீன் நானாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முந்திய வாரம் "அடையாளம்" கட்டத்தை அங்கே நகர்த்தியவள் நான்தான். பஸ் பள்ளிவாசல்துறைச் சந்தியில் போட்ட ஒரு குலுக்கலில் அது என் தலையிலிருந்து விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவில் இருந்தார். எல்லாருக்கும் நெக்டோ சோடா கொடுத்தார்கள். கௌரி இரண்டு நிமிடம் பேசினாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

1. நாளைக்கு
2. ரிவர்ஸ்
3. எஞ்சின் இருமல்
4. சுடுதண்ணி

கௌரியின் கை என் முழங்கையைப் பிடித்தது. இன்னும் அந்த நகம் பட்ட இடம் எனக்குத் தெரியும்.

முதலில் சிரித்தவர் ஹாஜியார். "எஞ்சின் இருமல்!" என்று சத்தமாக வாசித்தார். "ரிவர்ஸ்! யா அல்லாஹ், இது ஆரெண்டு எனக்குத் தெரியும்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்மாட்டிமாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவருடைய பெயருக்குத்தான் சிரித்தார்கள். ரிவர்ஸ், யார் அந்த ரிவர்ஸ் என்று சுற்றிப் பார்த்தார்.

பிறகு ஹாஜியார் நாலாவது வரிக்கு வந்தார். சிரிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் நின்றது. கையைத் தூக்கச் சொல்லியும் ஒருவரும் தூக்காதபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போனார். பெயருக்கு நேரே போட் இலக்கம் இருந்தது.

"இது என்ட போட்டெல்லா?" என்றார்.

அடுத்த நிமிடம் எல்லாச் சம்மாட்டிமாருக்கும் ஒரேயடியாகப் பகல் லுஹர் தொழுகை ஞாபகம் வந்துவிட்டது. லுஹருக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஆனாலும் முற்றத்தைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எப்படிப் போவார்கள்?

வெச்ச ஆள்

ஹாஜியார் என்னையும் கௌரியையும் ஸாலிஹீன் நானாவையும் அலுவலக அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இந்தப் பேர இதுக்குள்ள போட்டது ஆரு?"

"நான்தான் ஹாஜியார்" என்றேன். "டிவியில வந்ததும் என்ட பிழைதான். ஸாலிஹீன் நானாவ ஒண்டும் சொல்லாதீங்க. முறை பிசகக் கூடாதெண்டுதான் அவர் கொப்பியத் தந்தார்."

சொல்லி முடித்தபோது பாடசாலை மணி என் காதில் அடித்துவிட்டது. அழுகை வந்தது. அழக்கூடாது என்று மேசையில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போட்டது நீங்க. சரி. வெச்சது ஆரு?"

ஹாஜியார் ஸாலிஹீன் நானாவின் பக்கம் திரும்பினார்.

"ஸாலிஹீன், நீங்களா?"

"அல்லாஹ் காவல். இல்ல ஹாஜியார்."

"அப்ப ஆரு? ஊரே கூப்பிடுது, எனக்குத்தான் தெரியா. அந்த ஆள்ட பேரச் சொல்லுங்க. இந்த பெக்டரியில அவனுக்கு இனி ஒரு கட்டி ஐஸ் இல்ல."

ஸாலிஹீன் நானா காதில் இருந்த பென்சிலை எடுத்தார், திரும்பவும் அங்கேயே வைத்தார்.

"அவங்களுக்கு இனி ஐஸ் தேவையில்ல ஹாஜியார்" என்றார். "நம்மட ராத்தாதான் வெச்சாங்க."

ராத்தா என்று அவர் சொன்னது ஹாஜியாருடைய மனைவியை. அவர் மௌத்தாகி, அதாவது காலமாகி, அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ஒபிஸ் போனுக்குக் கோல் எடுப்பாங்க" என்றார் ஸாலிஹீன் நானா. நிலத்தைப் பார்த்துத்தான் பேசினார். "'ஸாலிஹீன், இண்டைக்குச் சுடுதண்ணி எப்படி? கொதிக்கிதா, ஆறிட்டா?' எண்டு கேப்பாங்க. ஆறிட்டெண்டு சொன்னா சிரிச்சிட்டு வெப்பாங்க. கொதிக்கிதெண்டு சொன்னா, 'சரி, அப்ப நான் பாத்துக்கொள்றன்' எண்டுவாங்க. பக்கத்தில நிண்ட ஆக்களுக்குக் கேட்டிரிக்கும். அப்படித்தான் ஊருக்குப் போன. மௌத்தானவங்களப் பத்தி என்னத்துக்கு எண்டுதான் நான் சும்மா இருந்த."

வெளியே ஐஸ் அரைக்கும் மெஷின் ஓடி நின்றது. ஹாஜியார் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டார்.

"கொதிக்கிதெண்டு நீங்க சொல்ற நாளையில…" என்று தொடங்கினார். நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார். "அந்த நாளையில பகல் சாப்பாட்டோட இனிப்புக்கு வட்டிலப்பம் வரும். இல்லயா?"

"ஓம் ஹாஜியார்."

"நான் நினெச்ச, அவவுக்கு ஆசெ வாற நேரம் செய்யிற எண்டு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தார். நாங்கள் மூவரும் கலண்டரைப் பார்த்தோம். எனக்கு இப்போது வேறு காரணத்துக்காக அழுகை வந்தது. இந்தத் தடவை நான் அடக்கவில்லை.

ஹாஜியார் கௌரியைப் பார்த்தார். "மத்தவங்கட பேரெல்லாம் மாத்துங்க மகள். பாவம் அவங்க, பொண்டாட்டி புள்ளயளோட இரிக்கிற ஆக்கள். என்டத மட்டும் அழிக்க வேணாம். அது அப்படியே வரட்டும்."

"சரி ஹாஜியார்" என்றாள் கௌரி.

"இந்த மெஷின எப்ப கொண்டாந்து பூட்டித் தாறீங்க?"

கௌரி என்னைப் பார்த்தாள். பதிலை என்னிடம்தான் விட்டுவிட்டாள்.

"திங்கக்கெழம காலையில" என்றேன்.

ஹாஜியார் தலையை ஆட்டிவிட்டு எழும்பினார். கதவைத் திறந்து முற்றத்துக்கு இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். தொழுகைக்குப் புறப்பட்ட முப்பது சம்மாட்டிமாரும் கழுதைகளோடு கழுதையாக மதில் நிழலில் நின்றார்கள்.

"இங்க கேளுங்க!" என்று கத்தினார் ஹாஜியார். பெக்டரி முழுக்க எதிரொலித்தது. "திங்கக்கெழமயிலருந்து ஐஸ் அந்த டிவியில வாற முறப்படிதான். அதில நாலாவது முறை சுடுதண்ணிக்கு. முறை மாறி அவனுக்கு முந்தி ஒருத்தன் ஒரு கட்டி எடுத்தா நான் மனுசனா இரிக்கமாட்டன்!"

சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரே சிரிக்கத் தொடங்கினார். பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது.